சபராளிக்குப் பாடலாமா?

ஊரை விட்டு எட்ட இருப்பவன் முன்னே போய் நின்று, ஊரை நினைவூட்டும் பாட்டைப் பாடுவது நன்மையா, தீமையா? கேள்வி எளியது போலத் தோன்றும். பாட்டில் என்ன தீமை வந்துவிடப் போகிறது, கேட்டவன் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போகிறான், அவ்வளவுதானே என்று நம்மில் பலர் சொல்லிவிடுவர். ஆனால் ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல், மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இந்தக் கேள்வியைத் தொட்டுச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன விடை நாம் எதிர்பார்க்கும் விடையன்று. அவ்விடையை நம் கடற்கரை வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு.

நம் கடற்கரைக்கு இஃது ஏட்டுக் கேள்வியன்று. கீழக்கரைக்குக் கிழக்கே, மன்னார் வளைகுடாவின் ஓரமாக இருக்கிறது பெரியபட்டினம். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் திரளாகக் கிடைத்தன. ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா அவற்றை ஆராய்ந்து, சீனத்தோடு வாணிகத் தொடர்பு கொண்டிருந்த இடைக்காலத் துறைமுகம் அது என்று எழுதினார். கப்பல் வந்த ஊரிலிருந்து ஆள் போகாமல் இருப்பானா? துறைமுகத்தின் பெருமை மங்கிய பின்னரும் ஆள் போவது நிற்கவில்லை. இலங்கைக்குப் போனார்கள். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு அது இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. இலங்கையில் கலவரம் மூண்டதும் அதுவும் நின்றது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களை ஏற்றிக்கொண்டு 'ரஜூலா' ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. அதன்பின் 'சிதம்பரம்' ஓடியது. 1985இல் அக்கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறிய பின் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. பயணத்தைக் குறிக்கும் 'சபர்' என்னும் அரபுச் சொல் நம் வீடுகளில் கடல்கடந்த பிழைப்புக்கே பெயராயிற்று; போனவன் 'சபராளி' ஆனான்.

ஆள் போன இடத்துக்குப் பாட்டும் பின்னாலேயே போயிற்று. இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்களைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. நாகூர்க்காரர் என்று உலகம் அறிந்த அவர் 1925 டிசம்பர் 25ஆம் நாள் பிறந்தது இராமநாதபுரத்தில். 2015 ஏப்ரல் 8ஆம் நாள் மறையும்வரை அந்தக் குரலுக்கு இணையான குரல் நம்மிடையே எழவில்லை. 'பாவ மன்னிப்பு' போன்ற சில திரைப்படங்களில் பாடினார் என்றாலும் அவர் திரைப்படப் பாடகர் அல்லர். முறையாகச் சங்கீதம் பயின்று சபாக்களில் அமர்ந்தவரும் அல்லர். திருமணப் பந்தல், கந்தூரி மேடை, கட்சிக் கூட்டம், இசைத்தட்டு இவற்றையே நம்பித் தம் குழுவோடு தனித்து நின்று பாடிப் பிழைத்தவர். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று தமிழ் முஸ்லிம் எங்கெல்லாம் பிழைக்கப் போனானோ அங்கெல்லாம் அவரும் போய்ப் பாடினார். அதற்கு முன்னரே இலங்கை வானொலி அவர் குரலைக் கடலின் இரு கரைகளுக்கும் கொண்டு சேர்த்திருந்தது. நம் கரையில் சென்னை வானொலியைவிடக் கொழும்பு வானொலி தெளிவாகக் கேட்ட காலம் அது!

தனித்து நிற்கும் பாடகன் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரைப்படத்தில் பாடுகிறவன் பிறர் எழுதிக் கொடுத்ததை, பிறர் சொன்ன சூழ்நிலைக்குப் பாடுகிறான். பாட்டு என்ன செய்தாலும் பொறுப்பு பலருக்குப் பங்காகிவிடும். தன் குழுவோடு கப்பலேறிப் போகிறவன் அப்படியன்று. இன்றிரவு இந்தக் கூட்டத்துக்கு எந்தப் பாட்டு என்பதை மேடையில் நின்று அவனே தேர்கிறான். கூட்டமோ எப்படிப்பட்டது? ஓராண்டு, ஈராண்டு, சிலர் நான்காண்டு வீட்டைப் பார்க்காதவர்கள். வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக இருந்த அக்காலத்தில், வியாழன் இரவில், வேலை முடித்துக் குளித்துவிட்டு, நான்கு பேராகச் சேர்ந்து வாடகைக்கார் பிடித்து வந்து உட்கார்ந்தவர்கள். மேடையில் நிற்பவனின் சட்டைப் பையில் ஊர் திரும்பும் டிக்கெட் இருக்கிறது; இரு வாரத்தில் அவன் தன் பிள்ளைகளைப் பார்த்துவிடுவான். கீழே உட்கார்ந்திருப்பவனிடம் அது இல்லை. திரும்பப் போகிறவன், திரும்ப முடியாதவனிடம் ஊரைப் பற்றிப் பாடுகிறான். இந்த ஏற்றத்தாழ்வுதான் என் கேள்வியின் வேர்.

இப்போது இமாம் அவர்களிடம் வருவோம். 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் இசை கேட்பதன் ஒழுங்குகளைப் பற்றி ஒரு தனிப் பகுதி இருக்கிறது. (இசைக் கருவிகளில் எது ஆகும், எது ஆகாது என்ற சட்டப் பிணக்கை நான் இங்கே தொடவில்லை, அதற்குத் தகுதியுடைய ஆலிம்கள் இருக்கிறார்கள்.) அப்பகுதியில் இமாம் அவர்கள் கொள்ளும் அடிப்படை இது: பாட்டு உள்ளத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை, உள்ளே கிடப்பதை அசைத்து வெளியே கொண்டுவருகிறது. ஆகையால் பாட்டின் நன்மை தீமை, அது எதை அசைக்கிறது, அசைந்தபின் மனிதன் எங்கே போவான் என்பதைப் பொறுத்தது. பெருநாள், திருமணம், தொட்டில் விழா ஆகியவற்றோடு எட்டப் போயிருந்தவன் வீடு வந்து சேரும் நாளையும் சேர்த்து, இந்த நாள்களில் பாடி மகிழ்வது ஆகுமானது என்கிறார்கள். சபராளி வீடு வந்த நாளை ஈதுப் பெருநாளோடு ஒரு வரிசையில் வைத்த அந்தப் பேருள்ளத்தை எண்ணிப் பாருங்கள்!

ஆனால் அதே பகுதியில், ஹஜ்ஜுக்குப் போகுமாறு மக்களைத் தூண்டும் பாடல்களைப் பற்றிப் பேசும்போது ஒரு நிபந்தனை வருகிறது. கஃபாவையும் ஸம்ஸத்தையும் பாடி ஆவலைக் கிளறுவது நல்லதே. ஆயின், கடமையான ஹஜ்ஜை ஒருமுறை நிறைவேற்றியவன், மறுமுறை போகப் பெற்றோர் இசைவு தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவன் போவது ஆகாது. போக ஆகாதவனிடம் போகும் ஆவலைப் பாட்டால் மூட்டுவதும் ஆகாது என்கிறார்கள். வழியில் உயிருக்கு அச்சம் மிகுந்திருக்கும்போதும் அப்படியே. ஹஜ்ஜைவிட உயர்ந்த பயணம் ஏது? அதற்கான ஏக்கத்தைக்கூட ஆள் பார்த்து, வழி பார்த்தே கிளற வேண்டும் என்றால், மற்ற ஏக்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பகுதியிலேயே மற்றொரு கதையும் இருக்கிறது. பாலைவனத்தில் ஒரு கூடாரத்துக்கு விருந்தினராகப் போன பெரியவர், வாயிலில் பல ஒட்டகங்கள் செத்துக் கிடப்பதையும், ஓர் அடிமை விலங்கிடப்பட்டிருப்பதையும் காண்கிறார். அவனை விடுவிக்குமாறு வேண்டும்போது, கூடாரத்துக்குரியவன் நடந்ததைச் சொல்கிறான். அந்த அடிமைக்கு அழகிய குரல். ஒட்டகங்களின் மேல் பெருஞ்சுமையை ஏற்றிப் பாடிக்கொண்டே ஓட்டினான். மூன்று இரவுத் தொலைவை அவை ஒரே இரவில் கடந்தன. சுமையை இறக்கியதும், ஒன்றைத் தவிர அனைத்தும் விழுந்து செத்தன. இமாம் அவர்கள் இதை இசையின் ஆற்றலுக்குச் சான்றாகவே தருகிறார்கள். எனக்கோ அந்த ஒட்டகங்களின் நினைவு போவதில்லை. பாட்டு அவற்றின் சுமையைக் குறைக்கவில்லை; சுமை தெரியாமல் செய்தது. அவ்வளவில் அவை தம் வலிமைக்கு மீறி நடந்துவிட்டன.

ஆக, சபராளிக்குப் பாடுகிறவன் முன்னே இரண்டு குழிகள் இருக்கின்றன. ஊர் ஏக்கத்தைக் கிளறினால், போக வழியில்லாதவனைப் புண்படுத்தியவன் ஆவான். ஆறுதலாகப் பாடி ஏக்கத்தை அமர்த்தினால், இன்னும் ஈராண்டு, இன்னும் நான்காண்டு என்று அவன் சுமந்துகொண்டே நடக்க உதவியவன் ஆவான். கேட்பவன் கைதட்டுவதை வைத்து இரண்டில் எது நிகழ்ந்தது என்று அறிய முடியாது. இரண்டுக்கும் அவன் கைதட்டுவான், மேடைக்கு வந்து கையில் பணமும் கொடுப்பான்.

இதைக் கற்பனைச் சிக்கல் என்று நினைப்பவர்களுக்கு அண்டை நாடாகிய கேரளத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நிலம்பூரைச் சேர்ந்த எஸ்.ஏ. ஜமீல், மாப்பிளைப் பாட்டுக்காரர், மன ஆலோசனை வழங்குபவராகவும் இருந்தவர், 2011இல் மறைந்தார். 1970களின் பிற்பகுதியில் அவருக்கு வளைகுடாவில் பாட அழைப்பு வந்தது. பிழைக்கப் போன மலையாளிகளுக்கு எதைப் பாடுவது என்று எண்ணி, ஒரு 'கத்துப் பாட்டு' கட்டினார். கத்து என்றால் கடிதம். கடிதமாகவே பாட்டு அமைப்பது மாப்பிளைப் புலவர்களின் பழைய மரபு. பெல்லாரிச் சிறையில் இருந்த கணவனுக்கு மனைவி எழுதுவதாகப் புலிக்கோட்டில் ஹைதர் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பாடியிருந்தார். ஜமீலின் பாட்டில் சிறை இல்லை, துபாய் இருக்கிறது. மனைவி எழுதுகிறாள். சேர்ந்து வாழ்ந்த நாள்கள் சில, பிரிந்திருக்கும் ஆண்டுகள் பல. தகப்பனைப் பார்த்தறியாத பிள்ளை கேட்கிறது. பணம் வருகிறது, நீங்கள் வரவில்லை. நானும் இரத்தமும் சதையும் உள்ளவள்தானே என்னும் வரை அவள் மறைக்காமல் எழுதிவிடுகிறாள்.

அபுதாபி மேடையில் இதைப் பாடியபோது கூட்டம் அழுதது. பாட்டைக் கேட்டுவிட்டு மூட்டை கட்டி ஊர் திரும்பியவர்கள் உண்டென்று கேரளத்தில் இன்றளவும் சொல்லிக்கொள்கிறார்கள். எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும்; திரும்ப முடியாதவர்கள் அதைவிட மிகுதியாகத்தான் இருந்திருப்பார்கள். கடவுச்சீட்டு கபீலிடம், விசாவுக்காக வாங்கிய கடன் வட்டிக்காரனிடம், விடுப்பு ஈராண்டுக்கு ஒருமுறை. அன்றிரவு அறைக்குத் திரும்பி, அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு விழித்திருந்தவனுக்கு ஜமீல் செய்தது உதவியா, கொடுமையா?

பெரியபட்டினத்தில் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகள் சவூதியில் இருந்துவிட்டு வந்தவர். வீட்டு முற்றத்தில் அமர்ந்து வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார்.

"காக்கா, அங்கே இருக்கும்போது ஊர்ப் பாட்டுக் கேட்பீர்களா?"

"ரேடியோப் பெட்டியில் போட்டுக் கேட்பேன் தம்பி. கச்சேரிக்குப் போக மாட்டேன்."

"ஏன்?"

"நாடாவை நடுவில் நிறுத்திவிடலாம். மனுஷர் பாடும்போது நிறுத்தச் சொல்ல முடியுமா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆயினும் இமாம் அவர்களின் நிபந்தனையை அவர் தம் அனுபவத்தால் கண்டுகொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. தாங்கும் அளவைக் கேட்பவன் தானே வைத்துக்கொண்டான், பாடகனிடம் விடவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களுடைய பயணமொன்றில் அன்ஜஷா என்பவர் பாடிக்கொண்டு ஒட்டகங்களை ஓட்டிய செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. பாட்டின் வேகத்தில் ஒட்டகங்கள் விரைந்தபோது, மேலே பெண்கள் அமர்ந்திருப்பதைச் சுட்டி, கண்ணாடிக் கலங்கள் இருக்கின்றன, மெல்ல ஓட்டும் என்ற பொருள்பட அண்ணலார் கூறினார்கள். பாடாதே என்று சொல்லவில்லை. இருந்தாலும் பாட்டின் வேகத்துக்குப் பாடுகிறவனைப் பொறுப்பாளி ஆக்கினார்கள்.

இத்தனையும் சொன்ன பின், ஜமீல் தவறு செய்தார் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதாக வாசகர் எண்ணலாம். என் தீர்ப்பு அவ்வாறில்லை. இமாம் அவர்கள் காட்டிய மனிதன், போவது மார்க்கத்தாலேயே தடுக்கப்பட்டவன். சபராளியின் நிலை வேறு. மனைவி மக்களிடம் திரும்புவதை எந்த மார்க்கமும் அவனுக்கு விலக்கவில்லை. மாறாக அது அவன்மேல் உள்ள கடமை. அவனைத் தடுப்பவை கடனும் கபீலும், வீட்டார் எழுதும் பட்டியலும். ஆகாத இடத்துக்கு ஆவலை மூட்டுவது குற்றம். போக வேண்டிய இடத்தின் வழியை மனிதர்கள் அடைத்து வைத்திருக்கும்போது, அந்த இடத்தைப் பாடுகிறவன்மேல் குற்றம் சுமத்துவது எப்படி?

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். இரவில் மதீனாவின் தெருவில் நடந்து வரும்போது ஒரு வீட்டினுள் ஒரு பெண் பாடுவது கேட்கிறது. போருக்குப் போன கணவனை எண்ணி, இறையச்சம் மட்டும் இல்லாவிட்டால் என் நிலை என்னவாகும் என்ற கருத்தில் அவள் பாடுகிறாள். கலீஃபா அவளைக் கண்டிக்கவில்லை. தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்கிறார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் விடை இரு வகையாக அறிவிக்கப்படுகிறது. எதுவாயினும், அதற்குமேல் படைவீரரைப் போர்முனையில் நிறுத்தி வைக்கலாகாது என்று ஆணை பிறந்தது. ஜமீலின் கத்தில் உள்ள மனைவி சொன்னதும் ஏறக்குறைய இதுவே. பதின்மூன்று நூற்றாண்டு இடைவெளியில் இரு பெண்குரல்கள் ஒன்றையே சொல்கின்றன. முதற்குரல் வழியைத் திறக்கும் அதிகாரம் உடையவர் செவியில் விழுந்தது, சட்டம் மாறிற்று. இரண்டாவது குரல் அபுதாபியில் கூலிவேலை செய்பவன் செவியில் விழுந்தது. அவனால் அழ மட்டும் முடிந்தது. பாட்டில் குறையில்லை. கேட்க வேண்டிய செவி அந்தக் கூட்டத்தில் இல்லை.

அந்தச் செவி எங்கே இருக்கிறது என்றால், அரபு முதலாளியை மட்டும் காட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. பாதிச் செவி நம் வீடுகளில் இருக்கிறது. ஜமீலின் பாட்டு ஒலிநாடாவாகி மலபார் வீடுகளுக்குத் திரும்பி வந்ததை நான் பெரிதாக எண்ணுவது இதனால்தான். மாமியாரும் நாத்தனாரும் இருக்கும் கூடத்தில், மருமகள் வாய்திறந்து சொல்ல முடியாததை ஒரு பாடகர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் கடற்கரையில் ஒரு காலத்தில் அரபுத்தமிழ் கற்ற பெண்கள், கொழும்பிலிருந்த கணவருக்குத் தம் கைப்படவே கடிதம் எழுதினார்கள். அந்த எழுத்து வழக்கொழிந்து, பள்ளிக்கூடப் படிப்பு இன்னும் பெண்களை எட்டாதிருந்த இடைக்காலத்தில், அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லி எழுதுவிக்கும் நிலை வந்தது. பத்து வயதுப் பையனிடம் என்ன சொல்ல முடியும்? நலம், நலமறிய ஆவல், மழை பெய்தது, சுவர் எழும்பியிருக்கிறது, சிமெண்டுக்குப் பணம் வேண்டும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இவையே கடிதம். இதைப் படித்துத்தான் சபராளி தன் வீட்டுக்கு என்ன தேவை என்பதை அறிந்தான்.

வலை முடிந்துகொண்டிருந்த பெரியவரின் தங்கைமார் மூவருக்கும் அவர் அனுப்பிய பணத்தில்தான் திருமணம் நடந்தது. வீடும் அவர் அனுப்பியதில் எழும்பியதுதான். மூன்றாவது தங்கையின் திருமணத்தன்று அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "இது முடிந்ததும் வந்துவிடு என்று யாராவது எழுதினார்களா காக்கா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "யாரும் வராதே என்று எழுதவில்லை தம்பி" என்றார்.

இப்போது கடிதம் இல்லை. கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகிறார்கள். பெரியபட்டினத்துச் சந்தனக்கூடு ஊர்வலம் நகரும்போதே ரியாத்தில் ஒருவன் அதைப் பார்க்கிறான். பாடகனும் கடல்கடந்து போக வேண்டியதில்லை. பாட்டு அவனுக்கு முன்னால் போய்விடுகிறது. நாள்தோறும் பேசுகிறோமே என்ற நிறைவு, எப்போது வருகிறீர்கள் என்ற கேள்வியைச் சில வீடுகளில் ஓசையின்றி விழுங்கிவிட்டதையும் பார்க்கிறேன். ஒட்டகங்களின் நினைவு அப்போது மறுபடி வரும்.

ஜமீல் மனைவியின் கத்தோடு நிறுத்தவில்லை. கேட்டவர்களின் மனம் தாளாமல், அதற்குக் கணவன் எழுதும் மறுமொழியையும் பாட்டாகக் கட்டிப் பாடினார். அதுவும் மலபார் முழுதும் பரவிற்று. வாப்பாவும் உம்மாவும் தங்கைமாரும் சேர்ந்திருந்து, கட்டிய வரைக்கும் வீடு போதும், மீதியை இங்கே பார்த்துக்கொள்கிறோம், நீ புறப்பட்டு வா என்று எழுதும் மூன்றாவது கடிதம் ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டை மலையாளத்திலும் நான் கேட்கவில்லை, தமிழிலும் கேட்கவில்லை.